ஆழம் கூடினால் நிலநடுக்க ஆபத்தும் கூடுமா? வட ஆற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி (ஆற்காடு, சிவில் மூன்றாம் ஆண்டு)
ஜூன் 4, இரவு 9.40

அண்ணா, செமினாருக்கு ஆழ்கடல் மேடைகள், துறைமுகங்கள், நிலநடுக்கம் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். நான் எழுதிய முதல் வரி இது: "கடல் ஆழம் கூடக் கூடக் கட்டுமானம் உயரமாகிறது, அதனால் நிலநடுக்க ஆபத்தும் கூடுகிறது." சரிதானா? இன்னொன்று. கடலே பார்க்காத வட ஆற்காட்டுப் பையனுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஜூன் 4, இரவு 11.15

அந்த முதல் வரியை அடித்துவிடு, தம்பி. அதை வைத்து ஆரம்பித்தால் மீதிப் பக்கங்களும் தப்பான திசையில் போய்விடும்.

ஒரு கட்டுமானத்தை ஒருமுறை தள்ளிவிட்டால் அது அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து சேர எடுக்கும் நேரம்தான் அதன் ஆட்டக் காலம். நிலநடுக்கத்தின் பலம் பெரும்பாலும் வேகமான ஆட்டத்தில் இருக்கிறது. ஒரு வினாடி, அல்லது அதற்கும் குறைவு. புயல் அலையின் பலம் மெதுவான ஆட்டத்தில் இருக்கிறது; பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு அலை. கட்டுமானத்தின் காலம் இந்த இரண்டில் எதை ஒட்டி நிற்கிறதோ, அதுதான் அதை வாட்டும்.

மெக்சிகோ வளைகுடாவில் 1988-ல் நிறுத்திய புல்விங்கிள் மேடை 412 மீட்டர் ஆழத்தில் தரையில் காலூன்றி நிற்கும் இரும்புச் சட்டகம். இந்த வகையை அலையின் காலத்துக்குக் கீழே, ஐந்து வினாடிக்குள் வைத்தாக வேண்டும். ஆழம் கூடினால் அதற்கு இரும்பு கட்டுப்படியாகாது. அதே வளைகுடாவில் 535 மீட்டர் ஆழத்தில் நிற்கும் பெட்ரோனியஸ் கோபுரத்தில் வேறு வழிக்குப் போனார்கள். விறைப்பைக் குறைத்து, ஆட்டக் காலத்தை அலையின் காலத்துக்கும் அந்தப் பக்கம், 25 வினாடிக்கு மேலே கொண்டுபோனார்கள். அலை வந்து போகும். கோபுரம் நிதானமாகச் சாய்ந்து நிமிரும்.

இப்படிப்பட்ட கோபுரத்தின் அடியை நிலநடுக்கம் வேகமாக உலுக்கினால் என்ன ஆகும்? ஒரு நீளமான கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பிடித்த கையை மட்டும் படபடவென்று ஆட்டிப் பார். கல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஆழம் கூடினாலே ஆபத்து கூடும் என்பது நிற்காது. நிலநடுக்கம் நன்றாகப் பிடித்துக்கொள்வது குட்டையான, விறைப்பான கட்டுமானங்களை. கரையோரத் துறைமுகம் அந்த வகை.

ஜூன் 5, காலை 6.30

நேற்று எழுதியது பக்கவாட்டு ஆட்டத்துக்கு மட்டும் பொருந்தும். செங்குத்து ஆட்டம் தனிக் கதை.

மிதக்கும் மேடையைக் கடல் தரையோடு விறைப்பான எஃகுக் குழாய்களால் இழுத்துக் கட்டி வைக்கிற ஒரு வகை உண்டு. முதலில் வந்தது 1984-ல், வட கடலில், ஹட்டன் மேடை. பக்கவாட்டில் அது மிக மெதுவாக நகரும், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மேலும் கீழும் மட்டும் குழாய்கள் விடாது. அந்தத் திசையில் காலம் இரண்டு முதல் நான்கு வினாடி. தரை மேலும் கீழும் குலுங்கினால் அந்தக் குலுக்கல் குழாய்கள் வழியாக நேராக ஏறும். போதாததற்குத் தண்ணீர் வழியாகவும் அழுத்த அலை மேலே வந்து அடிப்பாகத்தைத் தட்டும். நிலநடுக்கத்தின்போது கப்பலில் இருந்தவர்கள் பாறையில் மோதிவிட்டோம் என்று நினைத்தது உண்டு. காரணம் இதுதான்.

ஜூன் 5, இரவு

தண்ணீரையும் கணக்கில் சேர்க்க மறக்காதே. நீருக்குள் ஆடும் பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கிய தூண், தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. வட்டமான பைலுக்கு அந்தக் கூடுதல் எடை, அது இடம்பெயர்த்த நீரின் எடை அளவுக்கே வரும். தரைக் கட்டடத்துக்கு எழுதிய மென்பொருளில் ஜெட்டியை, அதாவது பைல்கள்மேல் கடலுக்குள் நீளும் கப்பல் துறையை, போட்டு, இதை விட்டுவிட்டு, ஆட்டக் காலம் குறைவாக வந்திருக்கிறது என்று கையெழுத்து வாங்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 7, காலை

இனி துறைமுகம். செமினாரில் பாதிக்கு மேல் இதற்குக் கொடு.

1995 ஜனவரி 17, ஜப்பானில் கோபே. அளவு 6.9. கடலைத் தூர்த்து உண்டாக்கிய போர்ட் ஐலண்ட், ரொக்கோ ஐலண்ட் என்ற இரண்டு தீவுகளின் விளிம்பில் கப்பல் துறைச் சுவர்கள் இருந்தன. எல்லாம் கெய்சன், அதாவது கரையில் வார்த்த பெரிய கான்கிரீட் பெட்டியை மிதக்க வைத்து இழுத்துப்போய், இடத்தில் அமிழ்த்தி, உள்ளே மண்ணை நிரப்பியவை. நிலநடுக்கத்தில் அவை கடல் பக்கமாக நகர்ந்தன. சில இடங்களில் 5 மீட்டர் வரை நகர்ந்து, ஒன்று இரண்டு மீட்டர் இறங்கி, சில டிகிரி சாய்ந்து நின்றன.

உடைந்து கிடந்தது கான்கிரீட் அல்ல என்பதைப் பார். பெட்டிகள் பெரும்பாலும் முழுசாகவே இருந்தன. அடியில்தான் கோளாறு. அங்கே இயற்கையாக இருந்தது இளகிய களிமண். கெய்சன் உட்கார அதைத் தோண்டி எடுத்துவிட்டு, மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் போட்டார்கள். போட்ட மண் தளர்வாகவே கிடந்தது. குலுக்கலில் மண்துகள்களுக்கு இடையே இருந்த நீரின் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவது குறைந்துபோனது. மேலே உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பின்னாலிருந்து மண் தள்ள, அடியிலிருந்து பிடிப்பு போக, அது வெளியே நகர்ந்துவிட்டது.

கன்டெய்னர் தூக்கும் கேன்ட்ரி கிரேன்களுக்கு நேர்ந்ததும் இதனால்தான். முன் தண்டவாளம் கெய்சன் மேல், பின் தண்டவாளம் உள்ளே. முன்னது கடலுக்குப் போக, கிரேனின் கால்கள் அகன்று மடங்கின. உலகின் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த கோபே தன் பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை.

அதே துறைமுகத்தில் மாயா வார்ஃபில் சில பெர்த்கள் (கப்பல் வந்து நிற்கும் இடங்கள்) மட்டும் அவ்வளவாகச் சேதமில்லாமல் நின்றன. அவற்றைக் கூடுதல் நிலநடுக்க விசைக்குக் கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள். தீவுக்குள்ளேயும் மண்ணை முன்பே இறுக்கி வைத்த பகுதிகள் குறைவாகவே இறங்கின. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே குலுக்கல். வித்தியாசம் மண்ணில் செய்த வேலையில்.

ஜூன் 7, மதியம்

வாலாஜாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "நம் ஊரில் கிராவல் போட்டு நிரப்புகிறோமே, கிராவல் எப்படிக் குழம்பாகும்? அது மணலுக்குத்தானே?"

கோபேயில் போட்டதும் கிட்டத்தட்ட அதுதான், ஐயா. மக்கிய கிரானைட், ஜப்பானில் மசாடோ என்பார்கள். கல்லும் மணலும் தூளும் கலந்த மண். நம் குன்றுகளை வெட்டினால் வருகிற பொடி கிரானைட்டுக்கு நெருங்கிய சொந்தம். பெரிய துகள் கலந்திருப்பதால் ஒன்றும் ஆகாது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். தண்ணீருக்குள் கொட்டி இறுக்காமல் விட்டால் அதுவும் இளகும் என்று அந்தக் காலைதான் காட்டியது. ரோட்டுக்குப் போடும்போது ரோலர் ஓடுகிறது. கடலுக்குள் ரோலர் ஓடாது. அதற்கு அதிர்வுக் கம்பி இறக்கியோ, ஸ்டோன் காலம் (மண்ணுக்குள் கல்லாலான தூண்) போட்டோ இறுக்க வேண்டும்.

ஜூன் 9, இரவு

நம் நாட்டு உதாரணம் கேட்டாய். 2001 ஜனவரி 26, பூஜ் நிலநடுக்கம், அளவு 7.7. காண்ட்லா துறைமுகத்தில் கடலோரமாக, 22 மீட்டர் உயரத்தில், துறைமுக-சுங்க அலுவலகக் கோபுரம். பைல் மேல் நின்றது. ஒவ்வொன்றும் 18 மீட்டர் நீளம். மேலே இளகிய களிமண், கீழே மணல். கட்டடம் விழவில்லை, ஆனால் உச்சி ஏறத்தாழ 30 செ.மீ. சாய்ந்தது. பைல் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்தக் கட்டடத்தைக் காட்டு. பைலின் முனை நிற்கிற மண்ணே இளகினால் பைலுக்குப் பிடிப்பு ஏது?

ஆகவே வேலை தொடங்குவது மண் பரிசோதனையில். மண்ணின் இறுக்கத்தைப் பார்க்கும் எஸ்.பி.டி. சோதனை உனக்குத் தெரியும்: 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரம், முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு அடுத்த 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுவது. அந்த எண்ணிக்கைதான் N மதிப்பு. நூறாண்டுப் பழமையான, முரட்டுத்தனமான சோதனை. இருந்தும் துறைமுகத்தின் தலையெழுத்து இந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஒரு ஜெட்டி வேலையில் (ஊர் பேர் வேண்டாம்) எங்களிடம் வந்த போர் லாக்குகளை, அதாவது துளை போட்டு எழுதிய மண் பதிவுகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு துளைகளிலும் ஒவ்வொரு ஆழத்திலும் ஒரே N மதிப்பு. மண் அப்படி இருக்காது. ஒரு துளையை மட்டும் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மேலே பத்துக் கோடி ரூபாய்க் கான்கிரீட்டும் எஃகும் வரப்போகிறது, அடியில் கற்பனை எண். சண்டை போட்டு மறுபடி துளை போட வைத்தோம். மூன்றாவது துளையில், 9 மீட்டரில், சுத்தியல் ஆறே அடியில் இறங்கியது. அந்தத் தளர்ந்த மணல் அடுக்கு முதல் அறிக்கையில் இல்லவே இல்லை. பைல் நீளத்தை மாற்றினோம்.

ஜூன் 10

அந்தமான் பற்றி ஒருவர் கேட்டதற்கு.

2004-க்கு அப்புறம் தீவுகளில் ஜெட்டி பழுதுபார்க்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே நான் கற்றது கரைக்கு அருகில் உள்ள பைல்களைப் பற்றி. கரையிலிருந்து கடலுக்கு நீளும் ஜெட்டியில் கடல் பக்கத்துப் பைல்கள் தரைக்கு மேலே நெடுக நிற்கும், வளைந்து கொடுக்கும். கரைப் பக்கத்தில் தரை உயரம் என்பதால் குட்டையான பைல்கள். மேல் தளம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தள்ளும்போது வளையத் தெரியாத குட்டைப் பைல்தான் விசையை எல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். விரிசல் அங்கேதான், பைல் தளத்தோடு சேரும் தலைப்பகுதியில்.

சாய்வுப் பைல், அதாவது ரேக்கர், இதைவிட விறைப்பு. கப்பல் இடிக்கும் விசைக்கு அது நல்லது என்று பழைய ஜெட்டிகளில் நிறையப் போட்டிருப்பார்கள். 1989 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் வந்த நிலநடுக்கத்தில் ஓக்லண்ட் துறைமுகத்தின் செவன்த் ஸ்ட்ரீட் முனையத்தில் இந்தச் சாய்வுப் பைல்களின் தலைகள்தான் உடைந்தன. அதற்குப் பிறகு நிலநடுக்கம் அதிகமுள்ள இடங்களில் செங்குத்துப் பைல்களையே போட்டு, அவை வளைந்து கொடுக்கும்படி தலையில் கம்பியை நெருக்கிக் கட்டுவது வழக்கமானது. கம்பி கட்டுகிறவர் "இவ்வளவு நெருக்கமாக வளையம் எதற்கு சார்" என்று கேட்டால், நின்று பதில் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவர் கை அதை விடாமல் செய்யும்.

ஜூன் 12, காலை

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி. தம்பி கிழக்குக் கடலில் எரிவாயுக் கிணற்று வேலையில் இருக்கிறாராம். "சுனாமி வந்தால் நடுக்கடலில் இருக்கிறவர்கள் கதி என்ன, அண்ணா?"

அம்மா, நடுக்கடலில் இருப்பது கரையில் இருப்பதைவிடப் பாதுகாப்பு. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 36. கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் ஏறும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சென்ற செயற்கைக்கோள் அளந்தபோது நடுக்கடலில் அந்த அலை ஒரு மீட்டருக்கும் குறைவு. நேரம் இருந்தால் கப்பல்களை ஆழத்துக்கு ஓட்டிப்போகச் சொல்வது இதனால்தான். நிம்மதியாக இருங்கள்.

ஜூன் 12, இரவு

செமினார் தம்பிக்கு: சுனாமிக்குத் தடுப்பு என்றால் கமைஷியைப் படி. ஜப்பானின் வடகிழக்குக் கரை. 1978-ல் தொடங்கி 2009-ல் முடித்த அலைத்தடுப்புச் சுவர். 63 மீட்டர் ஆழம் வரை இறங்கியது, உலகிலேயே ஆழமானது என்று பெயர் வாங்கியது. முடித்து இரண்டே ஆண்டில், 2011 மார்ச் 11. கல்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்த கெய்சன்கள் பல சரிந்தன. சுவருக்கு வெளியே நீர் உயர்ந்து உள்ளே தாழ்ந்து நின்ற வித்தியாசம் தள்ளியது. மேலே வழிந்த நீர் உள்பக்கத்துக் கல்மேட்டை அரித்தது.

முப்பது வருட வேலை வீண் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நீர் ஊருக்குள் ஏறுவதை அந்தச் சுவர் சுமார் 6 நிமிடம் தாமதப்படுத்தியது, உயரத்தையும் குறைத்தது என்று ஜப்பானின் துறைமுக ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மேட்டுக்கு ஓடுகிற ஒருவருக்கு ஆறு நிமிடம் எவ்வளவு பெரிது! குற்றம் சொல்ல வேண்டிய இடம் வேறு. சுவர் இருக்கிறதே என்று ஓடாமல் நின்றவர்கள் உண்டு. வடிவமைப்பவர் சுவரின் எல்லையையும் மக்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 14

ராணிப்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் வேலையில் இருக்கும் நண்பர் கேட்டது: நிலநடுக்கத்துக்காகவே செய்த மேடை ஏதாவது உண்டா?

உண்டு. ரஷ்யாவின் சகாலின் தீவுக்கு வெளியே இரண்டு மேடைகள், லுன்ஸ்கோயே, பில்டுன். ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. பனிக்கட்டி மோதும் என்பதால் கனமான கான்கிரீட் அடித்தளம், நான்கு பெரிய கால்கள். விறைப்பான அமைப்பு, நிலநடுக்கப் பகுதி. ரெண்டும் சேர்ந்தால் மேல் தளம் பாடுபடும். அதனால் கால்களின் உச்சியில் குழிந்த எஃகுத் தட்டுகளை வைத்து, அதன்மேல் தளம் வழுக்கி ஆடித் திரும்பும்படி உட்கார வைத்தார்கள். அடியில் வேகமான குலுக்கல், மேலே மெதுவான ஆட்டம். முதல் நாள் எழுதிய கயிற்றுக் கல் கணக்கேதான், இங்கே எஃகில்.

கான்கிரீட் அடித்தளம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 1991 ஆகஸ்ட் 23, நார்வேயில் ஸ்லைப்னர் மேடையின் அடித்தளத்தை ஃபியோர்டில் அமிழ்த்திச் சோதித்தபோது உள் அறைச் சுவர் பிளந்து மொத்தமும் மூழ்கியது. கணினிக் கணக்குக்காகச் சுவரைப் பிரித்த கட்டங்கள் பெரிதாக இருந்ததால் அந்த மூலையின் வெட்டு விசையை 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது. அங்கே கம்பியும் போதவில்லை. அது தரையில் மோதிய அதிர்ச்சி நிலநடுக்க மானிகளில் 3.0 என்று பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. கணினிப் படத்தில் நிறம் அழகாக வந்தால் கணக்கு சரி என்று நம்புகிற ஒவ்வொரு மாணவரும் இதைப் படிக்க வேண்டும்.

ஜூன் 15, காலை

மெத்த ஆழத்துக்குப் போனால் தரையில் காலூன்றிய மேடையே இருக்காது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 1,000 மீட்டருக்கு மேல் ஆழத்தில் கிணறுகள் இருக்கின்றன. தரையில் வால்வுத் தொகுதியும் குழாய்களும். அங்கே கட்டடம் ஆடுவதைப் பற்றிய பயம் குறைந்து, சரிவில் உள்ள சேறு மொத்தமாக வழுக்குவதைப் பற்றிய பயம் வரும். 1929 நவம்பரில் கனடாவுக்குக் கிழக்கே 7.2 அளவில் நடுங்கியபோது கடல் தரைச் சேறு சரிந்து ஓடி 12 தந்திக் கம்பிவடங்களை அறுத்தது. நார்வேயின் ஓர்மன் லாங்கே எரிவாயு வயல் இருப்பதே சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சரிந்த ஸ்டோரெகா சரிவின் வடுவுக்குள். மறுபடி சரியுமா என்று வருடக்கணக்கில் மண் ஆய்வு செய்த பிறகுதான் அங்கே குழாய் பதித்தார்கள். பார், ஆழத்தில் ஆரம்பித்தாலும் மண்ணில்தான் வந்து நிற்கிறோம்.

ஜூன் 16, இரவு

உன் இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி: வட ஆற்காட்டுக்கு இது எதற்கு?

2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே, தென்மேற்கே, 3.6 அளவில் நடுங்கியது. பேரணாம்பட்டுப் பக்கம் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அதே மாதம்தான் பாலாற்றில் வெள்ளம். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த மணல் அன்று முழுக்க நனைந்திருந்தது. மண் குழம்பாக மூன்று வேண்டும்: தளர்ந்த மணல், நிறைந்த நீர், போதுமான குலுக்கல். முதல் இரண்டும் அன்று இருந்தன, 3.6 அதற்குப் போதாது, நல்லவேளை. ஆற்றில் நிற்கும் பாலத்தூணுக்கும் ஜெட்டிப் பைலுக்கும் கணக்கு ஒன்றுதான். நீரும் மணலும் மண் அரிப்பும் இரண்டிலும் உண்டு. 2002-ல் நிலநடுக்க விதித்தொகுப்பைத் திருத்தியபோது சென்னையையும் மண்டலம் மூன்றுக்கு (மிதமான ஆபத்து) ஏற்றினார்கள். அந்த வரைபடத்தில் வேலூரும் அதே மூன்றில்தான் இருந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு வெளியே கடலுக்குள் 5.5 வந்ததையும் வீட்டில் சொல்.

கல்லையும் சொல். சோளிங்கர் பக்கத்துக் குவாரியிலிருந்து அலைத்தடுப்புக்குக் கல் போனபோது ஏற்றுமிடத்தில் நின்று டன் கணக்குப் பார்த்திருக்கிறேன். விரிசல் ஓடிய கல்லை ஒதுக்கி வைக்க அங்கே இருந்த கல்லுடைக்கும் பெரியவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையை வைத்தே சொல்லுவார். கடலே பார்க்காதவர் அவர். அவர் தேர்ந்த கல் அங்கே அலையை வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 17, காலை

புதிய முதல் வரி அனுப்பியிருக்கிறாய்: "கட்டுமானத்தின் ஆட்டக் காலமும் அதன் அடியில் உள்ள மண்ணுமே நிலநடுக்கத்தில் அதன் கதியைத் தீர்மானிக்கின்றன." இது நிற்கும். இரண்டு அளவு நிலநடுக்கத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு: நூற்றாண்டுக் கணக்கில் ஒருமுறை வருவதற்குச் சேதம் கூடாது, ஆயிரம் ஆண்டுகளிலோ அதற்கும் மேலோ ஒருமுறை வருவதற்குச் சேதமாகலாம், ஆனால் விழக்கூடாது. கடல் மேடை விதிகள் இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்கு வா. கிடைத்தால் பாலாற்றுப் பாலம் ஏதாவது ஒன்றின் போர் லாக் கொண்டுவா, உட்கார்ந்து அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபே கெய்சனின் குறுக்குவெட்டைக் கணினியில் எடுக்காமல் கையால் வரைந்துகொண்டு வா. பெட்டிக்கு அடியில் என்ன மண், எவ்வளவு ஆழத்துக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.